மோட்டார் அறைக்கு வெளியே

விடுதி முதலாளி மோட்டார் அறைக்குள் இருந்தார். காட்டுமாடு வெளியே இருந்தது. நடுவில் தாழ்ப்பாள் இல்லாத ஒரு தகரக் கதவு.

முப்பதடி தள்ளி, ஜீப்பில் சாய்ந்துகொண்டு அவள் நின்றாள். காப்புக்காட்டின் எல்லையைத் தாண்டி வெளியே வரும் மாடுகளைத் திருப்பி அனுப்பும் குழுவில் அவளுக்கு வேலை. கூட வந்த டிரைவர், வண்டிகளை நிறுத்துவதற்காகக் கீழே சாலைக்குப் போயிருந்தார்.

“ஏம்மா, நீ வந்து அரைமணி நேரமாச்சு. வெடி கிடி எதையாவது போட்டு விரட்டேன்,” என்றார் முதலாளி கதவுக்குப் பின்னாலிருந்து.

“வெடி போட்டா மிரண்டுபோய் கதவு மேலயே பாயும் சார். தானா போற வரைக்கும் காத்திருக்கணும். ரூல் அப்படி.”

ரூல் உண்மையிலேயே அப்படித்தான். ஒரு விதியைக் கடைப்பிடிப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது.

மாடு சுவரோரத்துப் பாறையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் அவசரமில்லை அதற்கு. இடது கொம்பின் நுனி மழுங்கியிருந்தது.

அதே மாடுதான். நான்கு மாதத்துக்கு முன்னால், இதே பாறைக்குப் பக்கத்தில், இந்த விடுதியில் தோட்டக்காரராக இருந்த அவள் புருஷனைக் குத்திக் கொன்றது இதுதான்.

மாட்டின்மேல் அவளுக்குக் கோபமில்லை. அது குத்தியதோடு சரி. குத்திவிட்டுப் போய்ப் பொய்ச்சாட்சி சொல்லவில்லை.

சொன்னவர் உள்ளே இருந்தார். தோட்டக்காரன் குடித்துவிட்டு மாட்டைச் சீண்டினான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். வன அலுவலகம் அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிட்டது. பாறையில் உப்பு வைத்து மாட்டைப் பழக்கியதே இவர்தான் என்று அவள் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

பள்ளியில் மகளைக் குடிகாரன் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். சோடா குடித்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொள்ளும் மனுஷன் அவர்.

இந்த வேலையை அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கியது இப்படி ஒரு நாளுக்காகத்தான். உப்பு வைப்பது நின்றுபோனாலும் பாறையில் ஊறிய உப்பு ஊறியதுதான். மாடு மறக்காது. மோட்டார் போட முதலாளியும் என்றைக்காவது தனியாக வராமலா போவார்?

கொம்பு கதவை உரசியது. தகரம் கிரீச்சிட்டது. உள்ளே ஒரு வாளி உருண்டது.

“அம்மா, தாயே, ஏதாவது பண்ணு.”

முதலாளி வாயால் அவள் தாயானது அன்றுதான்.

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவில்லை. அழுத்திப் பிடித்திருக்கும்வரை இங்கே பேசுவதெல்லாம் அலுவலகத்தில், சோதனைச்சாவடியில், குழுவின் ஒவ்வொரு ஜீப்பிலும் கேட்கும். இந்த வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே திட்டிச் சொல்லிக்கொடுப்பது, பேசி முடித்ததும் விரலை எடு என்பதைத்தான்.

“மனுஷக் குரல் கேட்டா மாடு நகரும் சார். நல்லாச் சத்தமா, விடாமப் பேசுங்க.”

“என்னத்தம்மா பேசறது?”

“எங்க வீட்டுக்காரர் செத்த கதையப் பேசுங்க.”

கொம்பு மறுபடி கதவை உரசியது. இந்தத் தடவை கதவு ஒரு சாண் உள்ளே போய் வந்தது.

“உப்பு வைக்கச் சொன்னது நான்தான்,” என்று முதலாளி கத்தினார். “விருந்தாளிங்க மாடியிலேருந்து போட்டோ எடுக்கணும்னு தினம் சாயங்காலம் நான்தான் வைக்கச் சொன்னேன். அவன் குடிக்கல. ஒரு சொட்டுக் குடிக்கல. எழுதிக் குடுத்ததெல்லாம் பொய்.”

நான்கு மாதமாக எரிந்த வயிறு குளிர்ந்தது. இந்நேரம் சோதனைச்சாவடியில் டீ டம்ளர்கள் அந்தரத்தில் நின்றிருக்கும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு மகள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாள்.

மாடு தலையைத் தூக்கிக் காதை ஆட்டியது. மனுஷன் போடும் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. திரும்பி, சரிவில் இறங்கி, மரங்களுக்குள் போய்விட்டது.

மோட்டார் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆரம்பித்துவிட்ட முதலாளிக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

“பாவம்மா அவன். முந்தின நாளே மாடு முட்ட வந்துச்சு, இனிமே உப்பு வைக்க மாட்டேன், வேலையே வேணாம்னு சாவிய மேசைல வெச்சுட்டுப் போனான். நானும் சரி போன்னுட்டேன். மறுநாள் அவனே வந்து நிக்கறான். வீட்டுல திட்டி அனுப்பிட்டா சார், சாவியக் குடுங்கன்னு.”

அவள் விரல் பொத்தானை விட்டிருந்தது. எந்த வார்த்தையில் விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று காலை புருஷன் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. மாட்டுக்குப் பயந்து வீட்டில் படுத்துக் கிடப்பவன் ஆம்பளையா என்று கேட்டு, சட்டையைக் கொண்டுவந்து முகத்தில் எறிந்தவள் அவள்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அதை மகளிடம்கூட அவள் சொன்னதில்லை.

“போயிடுச்சாம்மா? சத்தத்தைக் காணோமே. வெளிய வரட்டுமா?”

வந்தால் முதலாளி அவள் முகத்தைப் பார்ப்பார்.

“இல்ல சார்,” என்றாள். “இங்கயேதான் நிக்குது.”