மெஸ்னருக்கு ஒரு கை குறைகிறது

ரஸ் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"இந்த வருஷமும் வீம்பா?" என்றாள் லீக் தலைவி லொரெய்ன். "மெஸ்னர் நம்ம ஊர்க்காரர். எல்லாக் கையும் தூக்கினாத்தான் அவர் படம் சுவத்துல ஏறும்."

அமெரிக்காவின் ஈரி நகரத்து பௌலிங் கூடத்தின் பின்னறை அது. நிஜ பேஸ்பால் வீரர்களைத் தங்களுக்குள் பேருக்கு வாங்கி விற்று, அவர்கள் களத்தில் சாதிப்பதைத் தங்கள் புள்ளிகளாக எண்ணிக்கொள்ளும் நண்பர்களின் கற்பனை லீக் இது. ஓய்வுபெற்ற வீரர்களில் தகுதியானவர்களுக்குச் சுவரில் இடம் உண்டு.

"பெரிய பந்து வீச்சாளர்தான். என் டீமுக்கு வந்து ஒரு பந்துகூட வீசல," என்றார் ரஸ்.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பல வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை இரவு, இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெர்ன், தன்னிடமிருந்த மெஸ்னரை ரஸ் தலையில் கட்டிவிட்டு, அவருடைய நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை மெஸ்னரின் தோள் தசைநார் கிழிந்த செய்தி வெளியானது. கோப்பை வெர்னுக்கு, கடைசி இடம் ரஸ்ஸுக்கு.

அன்றிலிருந்து இங்கே யார் ஏமாந்தாலும் "ரஸ் ஆயிட்டான்" என்பார்கள். ரஸ்ஸின் மகன் கல்யாண விருந்தில் வாழ்த்திப் பேசும்போதுகூட வெர்ன் அதைச் சொன்னார். மருமகள் வீட்டார் சிரித்தார்கள். ரஸ்ஸும் சிரித்துவைத்தார்.

"மோப்பம்டா, மோப்பம்!" வெர்ன் மூக்கைத் தட்டிக் காட்டினார். "அது உனக்குக் கிடையாது. அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?"

ரஸ் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெர்ன் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். "அசையாம இரு, சாம்பியன். இதோ முடிஞ்சிடும்."

"வெர்னுக்கு ஆஸ்பத்திரி வேலைப் புத்தி இங்கயும் வருது பாரு," என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது.

ரஸ் பீரைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். "அவர் மேல எனக்கென்ன கோபம். போட்டுத் தொலைங்க."

லொரெய்ன் உடனே மெஸ்னரைக் கூப்பிட்டு, போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். பாராட்டு வாசகத்தை எங்கே வைத்தோம் என்று அவள் பையைத் துழாவினாள்.

வெர்ன் போன் பக்கம் குனிந்தார். "அசையாம இருங்க, சாம்பியன். இதோ முடிஞ்சிடும்."



"இப்பப் பேசினது யாரு?" என்றார் மெஸ்னர். "தோள ஸ்கேன் எடுக்க ரகசியமா ஊருக்கு வந்திருந்தேன். அந்தக் குழாய்க்குள்ள படுத்திருந்தப்ப வெளியிலேருந்து கேட்ட குரல் இதுதான். இதே வார்த்தை. எப்படி மறப்பேன்? என் பொண்டாட்டிக்கே அப்போ தெரியாது."

வெர்ன் கை மூக்கைத் தட்டவில்லை.

"செய்தி வந்த திங்கட்கிழமையா, சார்?" என்று ரஸ் கேட்டார்.

"இல்லப்பா. அதுக்கு முந்தின வியாழக்கிழமை."