காவி வேட்டி கொதிக்கிறது

திருவண்ணாமலை மலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊரில் தன் வீட்டுக் கிணற்றடியில் பச்சையம்மாள் புருஷனின் காவி வேட்டியை வெளுத்துக்கொண்டிருக்கிறாள். சாமியாராகப் போகிறேன் என்று போன ஆடியில் வீட்டைவிட்டு இறங்கிய சகாதேவன் இன்று காலை வாசலில் வந்து நின்றான். ஏன் வந்தான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வேட்டியை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தான். இப்போது அவளுடைய பழைய புடவையை இடுப்பில் சுற்றிக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் சிலோன் ரேடியோப் பாட்டு ஓடுகிறது. அண்டாவில் சலவை சோடாவும் எலுமிச்சைத் தோல்களும் கொதிக்கின்றன. அவள் கழியால் அமுக்க அமுக்கத் தண்ணீர் செம்மண் குழம்பாகிறது.

"சாயம் போவுதா?" என்கிறான். அவனைச் சாமி என்பதா, என்னங்க என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "போவுது. சோடா ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்." "பூரா போயிடுமா?" கழி நிற்கிறது. "போவணுமா, வாணாமா? அதச் சொல்லுங்க." அவன் மலையைப் பார்க்கிறான்; அடுப்புப் புகையைப் பார்க்கிறான். "தெரியலையே, பச்ச" என்கிறான். அவள் கழியால் வேட்டியைத் தூக்குகிறாள். அது வெள்ளையுமில்லை, காவியுமில்லை. அவன் எழுந்து வந்து மறுமுனையைப் பிடிக்கிறான். சூடு தாங்காமல் கைமாற்றிக்கொண்டே இருவரும் பிழிகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் திருப்ப வேண்டியதை ஒரே பக்கமாகத் திருப்புவதால் வேட்டி முறுக்கேறாமல் உருள்கிறது. "இந்தாண்ட இல்ல, அந்தாண்ட" என்கிறாள் அவள். அவன் கையை மாற்றுகிறான். தண்ணீர் அவர்கள் கால்களில் சிவப்பாகவே இறங்குகிறது. அவன் அதைப் பார்த்தபடி நிற்கிறான். பிறகு, "இன்னொரு வாட்டி வேவ வெய்யி, பச்ச" என்கிறான். அவள் விறகை உள்ளே தள்ளுகிறாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நன்றாக எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருக்கிறாள்.