சோடாபுட்டிப் பொண்ணு

“கண்ணாடி போட்ட பொண்ணுன்னு முதல்லயே சொல்லியிருந்தா, திண்டுக்கல்லுல இருந்து இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்கவே மாட்டோம்!”

மாப்பிள்ளையின் அம்மா வியாகுலம்மாள் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தாள். முறுக்கெல்லாம் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

ரோஸ்மேரியின் அப்பா சூசைமுத்து கையைப் பிசைந்தார். காலையிலேயே கெஞ்சினார்: “அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அதைக் கழட்டி வையி தாயி.” அவள் முடியாது என்றுவிட்டாள். போன தடவை கழட்டி வைத்துவிட்டு வந்து, மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் தாத்தாவைப் பார்த்து வெட்கப்பட்டுத் தொலைத்தாள். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே போச்சு.

“வெறும் கிட்டப்பார்வைதான் தங்கச்சி. பக்கத்துல உள்ளது பளிச்சுன்னு தெரியும். அரிசியில ஒரு கல்லு தப்பாது. தூரத்துல உள்ளதுதான் புகை மூடுன மாதிரி…”

“நாளைக்குப் பொறக்குறதெல்லாம் சோடாபுட்டியோட பொறந்தா யாருண்ணே பதில் சொல்றது? எங்க வம்சத்துல அப்படி ஒரு கண்ணு கெடையாது. எம் மகனைப் பாருங்க, கழுகுக் கண்ணு!”

மகன் அருள்நாதன், யூனியன் ஆபீஸ் கிளார்க், வந்ததிலிருந்து கண்ணை இடுக்கிக்கொண்டு ரோஸ்மேரியை முறைத்துக்கொண்டே இருந்தான். ரொம்பக் கோவக்காரர் போல என்று அவளுக்குள் உதறல்.

ஆனாலும் காப்பியைக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் டம்ளரை வாங்கி மூக்குக்கு நேரே தூக்கி, ஈ கிடக்கிறதா என்று பார்த்தான்.

அவளும் அவன் மூக்கைத்தான் பார்த்தாள். உதறல் நின்றுபோனது.

“அத்தை,” என்றாள் நிதானமாக. “இவுக மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கே. எனக்கும் அதே இடத்துலதான் இருக்கு. இவுக கண்ணாடியைப் பையில வச்சிருக்கீகளா, இல்ல பஸ்ஸுலயே விட்டுட்டீகளா?”



“எலே அருளு, எந்திரி! வா போகலாம்!” வியாகுலம்மாள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

அருள்நாதன் அந்தப் பைக்குள் கையை விட்டான். ரோஸ்மேரியுடையதைவிடத் தடியான ஒரு கண்ணாடியை எடுத்து, வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பெண்ணை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தான்.

“எந்திரிங்கிறேன்ல!”

எந்திரிக்கிற உத்தேசமே அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.