எதிர்வீட்டுப் புகார்ப்பெட்டி

"அக்கா, அந்தப் பைப்பைக் கொஞ்சம் கழட்ட முடியுமா? போட்டோவுல அசிங்கமா விழுது."

நகரத்திலிருந்து படமெடுக்க வந்த பெண் கேட்டாள். மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எங்க மாமா படி இறங்குறாரு. கழட்டிட்டு நீ வந்து தூக்கிட்டுப் போறியா?"

கேமரா அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

நானூறு வருடத்துத் தெரு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பெருநகரம். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கிருந்து கூட்டமாக வந்து வாயைப் பிளப்பார்கள். ஆனால் வீட்டு முகப்பில் ஓர் ஆணி அடிக்கவும் தொல்லியல் ஆபீஸ் அனுமதி வேண்டும். தெருவில் அதற்குத் தொல்லை ஆபீஸ் என்று பெயர்.

மாமனார் வாசலின் தேய்ந்த கல்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. கைப்பிடிக் கம்பி வைக்க அப்போதே மனு கொடுத்தாயிற்று. எப்போது கேட்டாலும், "பரிசீலனையில இருக்கு."

கேமரா வந்ததற்கு முந்தின நாள்தான் மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு தண்ணீர்ப் பைப்பை எடுத்து, மேல்நுனியை ஜன்னல் கம்பியில் கட்டினாள். கீழ்நுனியை சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டாள். அன்று சாயங்காலம் மாமனார் மெல்ல இறங்கித் தெருமுனை வரை போய் வந்தார். முகமே மாறிவிட்டது.

மறுநாள், கேமரா நகர்ந்த கையோடு பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"சேதி தெரியுமா? புகார்ப்பெட்டி உன் மேல எழுதிப் போட்டுடுச்சு!"

புகார்ப்பெட்டி என்பது எதிர்வீட்டுக்காரர். தொல்லை ஆபீசிலேயே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரிட்டயர் ஆகியும் புத்தி போகல பாரு. தையல்காரர் உளுத்துப்போன ஜன்னலுக்குப் பலகை அடிச்சாரு. உடனே புகார். டீச்சர் வீட்டுக் கதவு. அதுக்கும் புகார். இப்ப ஒரு வயசானவர் நடமாடுறதுகூட அந்த மனுஷனுக்குப் பொறுக்கல!"

மருமகள் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்து, தெருவே கேட்கும்படி திட்டித் தீர்த்தாள்.

மூன்றாம் நாள் ஆபீசர் வந்து நின்றார்.

"அனுமதி இல்லாம முகப்புல கை வெச்சிருக்கீங்க. உடனே எடுங்க."

"சார், நான் மனு குடுத்து ரெண்டு வருஷம் ஆகுது."

"அது மனு செக்‌ஷன். நான் புகார் செக்‌ஷன். எனக்கு வந்தா நேர்ல பார்த்து உத்தரவு போட்டே ஆகணும். இல்லேன்னா மேலிடத்துல என் தலை உருளும்."

"இதைப் பிடுங்கிட்டா அவர் மறுபடி அந்த ரூமுக்குள்ளயே கிடப்பாரு சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார் ஆபீசர். கால் சர்ரென்று வழுக்கியது. பாய்ந்து பைப்பைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வாசலில் நின்ற அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபீசர் தொண்டையைச் செருமினார்.

"பைப் கூடாது. கறுப்பு இரும்புக் கம்பி வெச்சுக்கோங்க. கல்லைத் துளைக்காம இடுக்குல நடணும். உத்தரவு இப்பவே எழுதித் தர்றேன்."

அவர் போனதும் மருமகள் நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். அக்காவும் துணைக்கு ஓடினாள்.

"நீங்க நினைச்சது நடக்கல சார்! கம்பிக்கு அனுமதி குடுத்துட்டாரு!"

எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"படியில வழுக்கினாரா?"

மருமகள் திரும்பித் தன் வீட்டுப் படியைப் பார்த்தாள்.

"வழுக்கும். எழுதினா நம்ப மாட்டாங்க, வந்து மிதிச்சாதான் புரியும். மனு குடுத்தா அங்கேயிருந்து யாரும்மா வர்றா? நான் இருந்த வரைக்கும் மனுக்கட்டு மேலதான் டீ கிளாஸ் வைப்போம். புகார்னாதான் அலறியடிச்சு ஓடி வருவாங்க. தையல்காரர் ஜன்னலும் டீச்சர் கதவும் அப்படித்தான் தப்பிச்சுது."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் வாய்க்கு வந்தபடி..."

"சொன்னா நீ திட்டுவியா? கூட்டுன்னு தெரிஞ்சா புகாரைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. நல்லா உரக்கத்தான் திட்டினே. அதுவும் வேலைக்கு ஆச்சு."

அக்கா புடவைத் தலைப்பை முறுக்கியபடி நின்றாள். அப்புறம் மெல்ல ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டு ஓடு மழைக்கு ஒழுகுது. எங்க மேலயும் ஒரு புகார் எழுதிப் போடுங்களேன். திட்டுறதை நான் இப்பவே வாசல்ல நின்னு ஆரம்பிச்சிடுறேன்."