நாலடி விலகினால்

பையைக் கீழே வைத்துவிட்டு உரியவர் நாலடி விலகினால் போதும், கேட்பாரற்ற பையில் குண்டு இருக்குமோ என்ற பயத்தில் அடுக்ககத்து வாசலில் வைத்திருக்கும் தானியங்கி நீர்பீரங்கிக்குள் வெடி வெடிக்கும். தண்ணீர் கத்தியாகப் பாய்ந்து பையைக் கிழித்துவிடும். அந்தத் தண்ணீரின் வேகத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மகாமேதை இன்பசேகரன், வரப்போகும் சம்பந்திக்கு அதை விளக்கும் உற்சாகத்தில் கையிலிருந்த ஒரு பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

டமால்!

மகளின் நிச்சயதார்த்தப் பட்டுப்புடவை நார் நாராகப் பறந்தது.

“பாத்தீங்களா சம்பந்தி, நான் சொன்ன வேகம் அப்படியே வந்திருக்கு!” என்று அவர் வாய் முந்திக்கொண்டது.

“சத்தம் கேட்டு உங்க பொண்ணு கீழ வர்றா,” என்றாள் மனைவி மங்கை. “அவ வர்ற வேகத்தச் சொல்லுங்க பாப்போம்!”

இன்பசேகரன் மிச்சமிருந்த பழப்பையையும் போட்டுவிட்டு ஜவுளிக்கடைக்கு ஓட்டம் பிடித்தார்.

நீர்பீரங்கி மெதுவாகப் பழப்பையின் பக்கம் திரும்பியது.