மத்தி அலசும் மதியம்

மாரடைப்பு வந்து போன பதினேழாம் நாள். லாரி ஓட்டுநர் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். மதிய வெயில் பட்டு, தொட்டியில் கிடக்கும் மத்தி மீன்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. மனைவி ஒவ்வொன்றாகக் குடலெடுத்து அலசுகிறாள். "கொஞ்சம் உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது." "இந்த நாத்தத்துல எப்படி உட்கார்றது? அதான் வேளாவேளைக்கு மாத்திரை முழுங்குறேனே!" "மாத்திரையும் வேணும், மீனும் வேணும். இந்தப் பொடி மீன்ல இருக்கிற எண்ணெய் இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னப்போ நல்லா மண்டைய ஆட்டினீங்களே?" அவர் சிரிக்கிறார். "பதினாறு சக்கர வண்டியை அடக்கி ஓட்டினவன் நான். என் உயிரையா இந்த விரல் நீள மீன் இழுத்துப் பிடிக்கப்போகுது?" அவள் கையில் கத்தி நின்றுவிடுகிறது. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பி, கையைக்கூடக் கழுவாமல், அவர் மார்பில் உள்ளங்கையை அழுத்தி வைக்கிறாள். "என்ன இது, சட்டையெல்லாம் நாறப்போகுது." "பேசாதீங்க." சத்தமில்லாமல் அவள் உதடுகள் துடிப்பை எண்ணுகின்றன. அவர் நகராமல் நிற்கிறார். நூறு வந்தும் அவள் கையை எடுக்கவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள்.