கைராசி லென்ஸ்

“என் லென்ஸை இன்னா பண்ண அண்ணாத்த? ஒரு மாசமா ஒரு ஜனம் கடைப்படி ஏறல.”

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஞானதாஸிடம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டான் ஸ்டான்லி. அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் அவனுடைய ஸ்டுடியோ. கேமரா லென்ஸ்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஞானதாஸின் தொழில்.

“நீதான கொண்ணாந்து குடுத்த? உள்ள பூஞ்சை. சிலந்தி வலை மாதிரி படர்ந்து கெடந்துச்சி. ஒவ்வொரு கண்ணாடியா கயட்டி, மருந்து தொட்டுத் தொடச்சி மாட்டினேன். ரெண்டு நாள் வேல.”

கோவளத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஆணி டப்பாவுக்குள் கிடந்த ஜெர்மன் லென்ஸ் அது. கையால் திருப்பித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். அதை மாட்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் ஸ்டான்லியின் பெஞ்சில் உட்கார இடம் இருந்ததில்லை. கல் உடைக்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும் எதிரே இருந்த கம்ப்யூட்டர் ஸ்டுடியோவைத் தாண்டி இவனிடம்தான் வந்தார்கள். தன் திறமைக்கு வந்த கூட்டம் என்று நம்பியிருந்தான். இன்னும் திறமை காட்டத்தான் லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தான். இப்போது இந்த மாதமும் ஆள் வராவிட்டால், ஸ்டுடியோவை மூடிவிட்டு மறுபடி கல்குவாரிக்குப் போக வேண்டியதுதான்.

“லென்ஸோட உயிரையே தொடச்சி எடுத்துட்ட அண்ணாத்த.”

“லென்ஸுக்கு ஏதுடா உயிரு? பூஞ்சைக்குத்தான் உயிரு.” ஞானதாஸ் சுவரில் இருந்த புதுப் படத்தைக் காட்டினான். “இத்தப் பாரு. மீசைய ஒவ்வொரு முடியா எண்ணலாம். முன்ன எடுத்ததெல்லாம் சாம்பல் பூசின மாதிரி கீது.”

“அது ஆர்ட்டு. உனக்குப் புரியாது.”

“அப்ப ஆர்ட்டைத்தான் பஞ்சுல தொடச்சி குப்பைல போட்டேன்.”

“போட்டத திரும்ப வச்சிக் குடு.”

“பூஞ்சையவா?”

“ஆமா.”

“வளத்துதான் தரணும். ஈரத்துல போட்டு வை. ஒரு மழைக்காலம் ஆவும்.”

அப்போது பாப்பா உள்ளே வந்தாள். எழுபதைத் தொட்டும் கழனி வேலைக்குப் போகிறவள். போன மாதம் எடுத்த படம் அவள் கையில் இருந்தது. ஸ்டான்லி ஓடிப்போய்த் துண்டால் பெஞ்சைத் துடைத்தான்.

“குந்து பாப்பாம்மா. படம் எப்டி கீது?”

“நல்லாத்தான் கீது. எங்கூட்டுக்காரரு உசிரோட இருந்தா, இத்தப் பாத்துட்டு என்ன மறுபடி கட்டிகினு இருப்பாரு.”

ஞானதாஸ் ஸ்டான்லியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

பாப்பா படத்தை மேசைமேல் வீசினாள். “முதியோர் பென்சனுக்கு எழுதிக் குடுத்தா, ஆபீசரு இத்தப் பாத்துட்டு, ‘தெம்பாதான் இருக்கே, போய் வேலை செய்’னுட்டாரு. எங்க தெரு ராகேலுக்கு எடுத்தியே, தலபூரா வெள்ளையா, கண்ணுல பூ வியுந்து, நாளைக்கே செத்துடுவா மாதிரி? அத்தப் பாத்து அன்னிக்கே கையெழுத்துப் போட்டாரு. அப்டி எடுப்பியேன்னுதான மதுராந்தகத்துலேர்ந்து பஸ் ஏறி வரோம்.”